இரண்டு அணிகள், எழுபது கோடி டாலர்

2010 மார்ச் 21 அன்று சென்னையில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தப்புள்ளி உறைகளைப் பிரித்தது. விற்பனைக்கு வந்தவை இரண்டு புதிய ஐபிஎல் அணிகள். புனே அணியை 37 கோடி டாலருக்கு சகாரா குழுமம் எடுத்தது. கொச்சி அணியை 33.33 கோடி டாலருக்கு ரெண்டெவூ ஸ்போர்ட்ஸ் வேர்ல்டு என்ற நிறுவனத்தை முன்னிறுத்திய கூட்டமைப்பு எடுத்தது. இரண்டும் சேர்ந்தால் 70 கோடி டாலருக்கு மேல். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2008 ஜனவரியில், சென்னை, மும்பை உட்பட எட்டு அணிகளையும் விற்று வாரியம் பெற்ற மொத்தத் தொகையே 72.36 கோடி டாலர்தான். அன்று எட்டு அணிகளுக்குக் கிடைத்த விலை ஏறக்குறைய முழுவதும் இப்போது இரண்டு அணிகளுக்கே கிடைத்துவிட்டது. வாரியம் அதைப் பெரும் வெற்றியாகக் கொண்டாடியது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் கொச்சி அணி இல்லை. 2013 அக்டோபரில் புனே அணியும் இல்லை. பத்து அணிகளாக வளர்ந்த போட்டி மூன்றே ஆண்டுகளில் மீண்டும் எட்டுக்குச் சுருங்கியது. ஒரு தொழில்முறை விளையாட்டுப் போட்டி தன் விரிவாக்கத்தில் எப்படித் தடுமாறுகிறது, அந்தத் தடுமாற்றம் எந்த மேசையில், எந்தத் தாளில் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இந்திய உதாரணம் கிடைப்பது அரிது. உரிமையாளர்களின் பேராசை, அரசியல் தலையீடு, அன்றைய ஐபிஎல் தலைவர் லலித் மோடியின் வீழ்ச்சி என்று இந்தக் கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. மூன்றும் உண்மையே. ஆனால் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு வெறும் கூட்டல் கழித்தலைப் பார்த்தாலே, அந்த இரண்டு அணிகளும் உறை பிரிக்கப்பட்ட நாளிலேயே நட்டத்தில் பிறந்தவை என்பது தெரிந்துவிடும்.

ஐபிஎல் அணி உரிமையாளரின் வரவு செலவு அன்று சிக்கலானது அல்ல. அணியை வாங்கிய விலையைப் பத்து ஆண்டுகளுக்குச் சம தவணைகளாக வாரியத்துக்குக் கட்ட வேண்டும். வாரியம் தொலைக்காட்சி உரிமையையும் போட்டியின் முதன்மை விளம்பரத்தையும் விற்று, அதில் ஒரு பங்கை எல்லா அணிகளுக்கும் பிரித்துத் தரும். டிக்கெட் வசூலும் சட்டையில் ஒட்டும் விளம்பரங்களும் அணிக்குச் சொந்தம்.

சோனி குழுமத்துடன் 2009இல் திருத்தி எழுதப்பட்ட ஒளிபரப்பு ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 163 கோடி டாலர். சராசரியாக ஆண்டுக்கு 18 கோடி டாலர். வாரியம் ஒரு காசு கூட எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் பத்து அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் ஓர் அணிக்கு 1.8 கோடி டாலர்தான் வரும். டிஎல்எஃப் நிறுவனம் போட்டிக்குத் தன் பெயரை வைக்க ஐந்தாண்டுகளுக்கு 200 கோடி ரூபாய் தந்தது. அதைப் பத்தாகப் பிரித்தால் ஆண்டுக்கு 4 கோடி ரூபாய், அதாவது பத்து லட்சம் டாலருக்கும் குறைவு. இனிச் செலவைப் பார்க்கலாம். கொச்சி கட்ட வேண்டிய தவணை ஆண்டுக்கு 3.33 கோடி டாலர். வீரர்களை எடுக்க 2011 ஏலத்தில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 90 லட்சம் டாலர். இந்த இரண்டையும் கூட்டி வரவைக் கழித்தால், விமானம், ஓட்டல், பயிற்சியாளர் சம்பளம் எதையும் சேர்க்காமலே ஆண்டுக்கு ஏறக்குறைய 2.3 கோடி டாலர் பள்ளம் விழுகிறது. அதை நிரப்ப அணிக்குச் சொந்த மண்ணில் கிடைத்தவை ஏழு ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு அன்றைய மதிப்பில் 15 கோடி ரூபாய் வர வேண்டும். அரங்கில் அறுபதாயிரம் பேர் நிறைந்து, ஒவ்வொருவரும் 2,500 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தால் அந்தத் தொகை வரும். சட்டை விளம்பரமும் இதர வருவாயும் ஓரளவு கைகொடுக்கும் என்றாலும் பள்ளத்தின் ஆழம் மாறாது.

சென்னை அணியின் விலை 9.1 கோடி டாலர். அதன் ஆண்டுத் தவணை 91 லட்சம் டாலர். தொலைக்காட்சிப் பங்கு சென்னைக்கும் கொச்சிக்கும் ஒன்றேதான். தவணை மட்டும் கொச்சிக்கு மூன்றரை மடங்கு. ஒரே பந்தயத்தில் ஓடும் இருவரில் ஒருவர் முதுகில் மட்டும் இந்தச் சுமையை ஏற்றியது யார்? வாங்கியவர் தானாக முன்வந்து ஏற்றிக்கொண்டார் என்பது வாரியத்தின் பதில். அது சட்டப்படி சரியான பதில்.

பொருளியல் இந்த நிலையை நன்றாக அறியும். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் ஏன் தொடர்ந்து எதிர்பார்த்ததைவிடக் குறைவான லாபமே கண்டன என்பதை 1971இல் அமெரிக்கப் பொறியாளர்கள் மூவர் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். மதிப்புத் தெரியாத ஒரு பொருளுக்குப் பலர் மூடிய உறையில் விலை சொல்லும்போது, வெல்பவர் பெரும்பாலும் அதன் மதிப்பை மற்ற எல்லாரையும்விட மிகையாகக் கணித்தவரே. ரிச்சர்ட் தேலர் போன்ற பொருளியலாளர்கள் பின்னர் இதைப் பரவலாக அறியச் செய்தார்கள். எண்ணெய் வயலை விற்ற அரசுக்கு இதனால் கவலை இல்லை. பணம் வந்துவிட்டது, நட்டம் வாங்கியவருக்கு. விளையாட்டுப் போட்டி அப்படிப்பட்டதல்ல. வாங்கியவர் அடுத்த பத்து ஆண்டுகள் அதே போட்டியில் ஆடியாக வேண்டும். அவர் ஓட்டாண்டியானால் அட்டவணையும், ஒளிபரப்பு நேரமும், மற்ற ஒன்பது அணிகளின் வருவாயும் சேர்ந்து ஆட்டம் காணும். அதிக விலை சொன்னவரே சிறந்த கூட்டாளி என்ற முடிவை வாரியம் எடுத்தபோது எண்ணெய் வயலை விற்பதுபோலவே கிரிக்கெட் அணியையும் விற்றது.

இதில் ஒரு முரண் உண்டு. மார்ச் 21 அன்று பிரிக்கப்பட்டவை இரண்டாம் சுற்று உறைகள். அதே மாதம் 7ஆம் தேதி பிரிக்கப்பட வேண்டிய முதல் சுற்று கைவிடப்பட்டிருந்தது. அதன் நிபந்தனைகள் கடுமையானவை. விண்ணப்பிப்பவருக்கு 100 கோடி டாலர் நிகரச் சொத்து இருக்க வேண்டும், 10 கோடி டாலருக்கு வங்கி உத்தரவாதம் தர வேண்டும். வந்தவை வீடியோகான், அதானி ஆகிய இரண்டே விண்ணப்பங்கள். வேண்டிய சிலருக்காகவே இப்படி எழுதப்பட்டதோ என்ற சந்தேகம் எழுந்தது. அது நியாயமான சந்தேகமும்கூட. நிபந்தனைகள் வெகுவாகத் தளர்த்தப்பட்டன. போட்டி கூடியது, விலை ஏறியது, முன்பு வந்த இருவரும் தோற்றார்கள். கடைசியில் கொச்சி அணி எந்த வங்கி உத்தரவாதத்தைத் தரவில்லை என்று நீக்கப்பட்டதோ, அந்த வகை உத்தரவாதத்தைத்தான் முதல் சுற்று வாசலிலேயே கேட்டது. வெளிப்படைத்தன்மைக்காகக் கதவை அகலத் திறந்தது சரி. உள்ளே வருபவரின் பணப்பையைப் பார்க்க வேறு வழி எதையும் வாரியம் யோசித்ததாகத் தெரியவில்லை.

கொச்சி கூட்டமைப்பில் மின்சாதனம், கட்டுமானம், வைரம், சினிமா என்று பல துறை நிறுவனங்கள் பங்குதாரர்கள். அணியைத் திட்டமிட்டு உருவாக்கியதற்காக ரெண்டெவூ தரப்புக்கு 25 சதவீதப் பங்கு இலவசம். ஏப்ரல் 11 அன்று லலித் மோடி இந்தப் பங்கு விவரங்களை ட்விட்டரில் போட்டு உடைத்தார். இலவசப் பங்கு பெற்றவர்களில் ஒருவர் சுனந்தா புஷ்கர், அன்றைய வெளியுறவுத் துறை இணை அமைச்சர் சசி தரூருக்கு நெருக்கமானவர் என்பது வெளியானது. ஒரு வாரத்தில் தரூர் பதவி விலகினார். அடுத்த வாரம், ஏப்ரல் 25 அன்று இறுதியாட்டம் முடிந்த கையோடு மோடியே இடைநீக்கம் செய்யப்பட்டார். கோப்பையைச் சென்னை வென்றது என்பது அன்றிரவு இரண்டாம் செய்தியாகிவிட்டது.

அதன் பிறகு நடந்தது முடிவெடுத்தல் என்ற சொல்லுக்கே பொருந்தாதது. அக்டோபரில் ராஜஸ்தான், பஞ்சாப் அணிகளின் உரிமத்தையே வாரியம் ரத்து செய்தது. இரண்டும் சட்டத்தின் துணையோடு திரும்பின. கொச்சிக்கு எச்சரிக்கை அறிவிக்கை போனது. டிசம்பரில்தான் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. வீரர் ஏலம் ஜனவரியில், முதல் ஆட்டம் ஏப்ரலில். ஓர் அணிக்குப் பெயர் வைக்கவும், சட்டை விளம்பரம் பிடிக்கவும், ரசிகர்களைச் சேர்க்கவும் கிடைத்த காலம் நான்கு மாதம். முதலில் ‘இண்டி கமாண்டோஸ்’ என்று ஒரு பெயரை அறிவித்தார்கள். கேரளத்தில் அதை யாரும் ரசிக்கவில்லை. யானையைக் கொண்டுவந்து ‘கொச்சி டஸ்கர்ஸ் கேரளா’ ஆக்கினார்கள்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை அந்த அணி அவமானப்படவில்லை. மகேல ஜயவர்த்தன தலைவர். பிரெண்டன் மெக்கல்லம், முரளிதரன், லட்சுமண், பிராட் ஹாட்ஜ், ரவீந்திர ஜடேஜா, உள்ளூர் நாயகன் ஸ்ரீசாந்த் என்று பட்டியல் கனமானது. டெக்கான் சார்ஜர்ஸிடம் இஷாந்த் சர்மாவின் வேகத்தில் 74 ரன்னுக்குச் சுருண்ட ஓர் இரவைத் தவிர்த்தால், 14 ஆட்டங்களில் ஆறு வெற்றி, எட்டாம் இடம் என்பது புதிய அணிக்குக் கௌரவமான கணக்கு. கொச்சியின் கலூர் அரங்கில் கூட்டமும் வந்தது. ஆனால் சொந்த ஆட்டங்களில் சில இந்தூரில் நடந்தன. அரங்கம் எப்போது கிடைக்கும், கேளிக்கை வரி யார் கட்டுவது என்ற பேச்சு போட்டி நடக்கும்போதும் ஓயவில்லை. மண்டபம் பேசி முடிக்காமல் கல்யாணப் பத்திரிகை அடித்த வீட்டின் நிலைதான்.

புனேயின் கதையும் அப்படியே. புனே வாரியர்ஸ் முதல் ஆண்டு புனேயில் ஆடவில்லை. அதன் சொந்த மைதானம் நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் அரங்கம். புனே அருகிலுள்ள ககுஞ்சே அரங்கம் 2012இல்தான் ஐபிஎல்லுக்குத் தயாரானது. நகரத்தின் பெயரில் அணியை விற்று, நகரத்தில் ஆட இடம் இல்லாமல் ஓராண்டை ஓட்டினார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் ஆட்டங்களின் எண்ணிக்கை. பத்து அணிகள் ஒன்றோடொன்று சொந்த ஊரிலும் வெளியூரிலும் மோதினால் 90 ஆட்டங்கள். இறுதிச் சுற்றோடு 94. புதிய உரிமையாளர்கள் விலை சொன்னது இந்த 94ஐ வைத்துத்தான் என்று பின்னாளில் சகாரா குழுமம் வெளிப்படையாகவே சொன்னது. சர்வதேசக் காலண்டரில் அவ்வளவு நாள் கிடைக்காது என்பது 2010இலேயே யாரும் கணிக்கக்கூடியது. உலகக் கோப்பை இறுதியாட்டம் 2011 ஏப்ரல் 2, ஐபிஎல் தொடங்கியது ஏப்ரல் 8. வாரியம் ஆட்டங்களை 74ஆகக் குறைத்தது. அணிக்கு ஒன்பது சொந்த ஆட்டம் ஏழாயிற்று. அதற்காக உருவான அட்டவணையில் சில அணிகளோடு இரண்டு முறை, சிலவற்றோடு ஒரு முறை என்று மோத வேண்டும். புள்ளிப் பட்டியலைப் புரிந்துகொள்வதே ரசிகருக்குப் பெரும்பாடாயிற்று. உலகக் கோப்பை களைப்பும் சேர்ந்துகொள்ள, தொலைக்காட்சிப் பார்வையாளர் அளவு முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. ஆட்டம் குறைந்தது, விலை குறையவில்லை. புதிய உரிமையாளர்கள் தவணையைக் குறைக்கக் கேட்டார்கள், வாரியம் மறுத்தது. விற்ற பொருளின் அளவு மாறிய பின்னும் பழைய விலையைக் கேட்டது இந்த விவகாரத்தில் வாரியத்தின் மிகப் பெரிய பிழை.

2011 செப்டம்பர் 19 அன்று வாரியத்தின் ஆண்டுப் பொதுக்குழு கூடியது. அன்று தலைவர் பொறுப்பேற்ற என். சீனிவாசன், ஏறத்தாழ 156 கோடி ரூபாய் வங்கி உத்தரவாதம் தராததால் கொச்சி அணி நீக்கப்படுவதாக அறிவித்தார். அரங்கம் கிடைப்பது, பங்கு மாற்றத்துக்கான ஒப்புதல், குறைந்த ஆட்டங்கள் ஆகியவை தீராமல் உத்தரவாதம் எப்படித் தருவது என்பது கொச்சியின் வாதம்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அறிவிப்பைச் செய்த சீனிவாசன் அன்று இந்தியா சிமெண்ட்ஸின் துணைத் தலைவர், நிர்வாக இயக்குநர். சென்னை சூப்பர் கிங்ஸ் அன்று அந்த நிறுவனத்தின் அணி. வாரிய நிர்வாகி யாரும் அதன் போட்டிகளில் வணிக ஆர்வம் வைத்திருக்கக் கூடாது என்ற விதி 2008இல் ஐபிஎல்லுக்காகத் திருத்தப்பட்டிருந்தது. முன்னாள் வாரியத் தலைவர் ஏ.சி. முத்தையா இதை எதிர்த்து நீதிமன்றம் போனார். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே செல்லாது என்றது. கொச்சி நீக்கத்தில் சென்னையின் நலன் கலந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை, சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் ஓர் அணியின் உரிமையாளரே மற்றோர் அணியின் ஆயுளைத் தீர்மானிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அந்த முடிவு எவ்வளவு சரியானதாக இருந்தாலும் அதை நடுநிலை என்று ஒப்புக்கொள்ள எதிர்த்தரப்புக்கு எந்தக் காரணமும் இல்லை. 2012 பிப்ரவரி ஏலத்தில் கொச்சியின் ஜடேஜா 20 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்தார் என்பது நம் ஊர் ரசிகர்கள் மகிழ்ச்சியோடு நினைவில் வைத்திருக்கும் உபரித் தகவல். கொச்சி வீரர்கள் சிலர் சம்பள பாக்கிக்காகக் காத்திருந்தது அவ்வளவாக நினைவில் இல்லை.

சகாரா இன்னும் இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. யுவராஜ் சிங் புற்றுநோய் சிகிச்சைக்குப் போனபோது, அவர் விலையை ஏலத் தொகையில் சேர்த்துக்கொள்ளக் கேட்டு மறுக்கப்பட்டது. 2012 பிப்ரவரியில் ஐபிஎல்லிலிருந்தும் இந்திய அணியின் சட்டை விளம்பரத்திலிருந்தும் விலகுவதாக அறிவித்து, இரண்டு வாரத்தில் சமாதானமானது. அதே ஆண்டு ஆகஸ்டில் சகாராவின் இரண்டு நிறுவனங்கள் முதலீட்டாளர்களுக்கு 24,000 கோடி ரூபாய் அளவில் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏலத்தில் எல்லாரையும்விட ஆழமான பையோடு வந்தவர் என்று நம்பப்பட்டவரின் நிலை இது. களத்திலும் அணி மூன்று ஆண்டும் அடிமட்டத்தில். கிறிஸ் கெய்ல் 175 ரன் அடித்தது இவர்கள் பந்துவீச்சில்தான். 2013 மே மாதம் வாரியம் வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கியது, சகாரா வெளியேறுவதாக அறிவித்தது.

இடையில் 2009 சாம்பியனான டெக்கான் சார்ஜர்ஸும் கடனில் மூழ்கி 2012இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஹைதராபாத் அணியை சென்னையின் சன் டிவி ஆண்டுக்கு 85.05 கோடி ரூபாய்க்கு எடுத்தது. கொச்சி கட்ட வேண்டியிருந்தது ஆண்டுக்கு 153 கோடி ரூபாய். திறந்த சந்தை இரண்டு ஆண்டு கழித்து ஓர் ஐபிஎல் அணிக்குச் சொன்ன உண்மையான விலை இதுதான்.

இந்த நோய் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. பெலேயை நியூயார்க் காஸ்மோஸ் அணிக்கு 1975இல் அழைத்து வந்த வட அமெரிக்கக் கால்பந்து லீக், அந்தப் புகழின் சூட்டில் 1978இல் 18 அணிகளிலிருந்து ஒரே தாவலில் 24 அணிகளானது. பெலே அதற்கு முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றிருந்தார். தொலைக்காட்சி ஒப்பந்தம் நீடிக்கவில்லை. 1984 பருவத்தை ஒன்பது அணிகளோடு முடித்து லீக் கதவை மூடியது. அங்கும் புதிய உரிமையாளர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் பழைய உரிமையாளர்களின் கைச்செலவுக்கு உதவியது. விரிவாக்கத்தில் வரும் பணம் வருமானம் போலத் தோன்றும். உண்மையில் அது எதிர்காலப் பங்கை விற்ற தொகை. இதை மறக்கும் லீக்குகள் தேவைக்கு முன்பே விரிவடைகின்றன.

வாரியம் எதையும் கற்கவில்லை என்றும் சொல்ல முடியாது. சூதாட்ட விவகாரத்தில் சென்னையும் ராஜஸ்தானும் 2015இல் இரண்டு ஆண்டு தடை பெற்றபோது, மாற்று அணிகளுக்கு ஏலம் தலைகீழாக நடந்தது. வாரியம் அணிகளுக்குப் பிரித்துத் தரும் மத்திய வருவாயில் யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவருக்கு அணி. சஞ்சீவ் கோயங்காவின் நிறுவனம் ஒன்றும் கேட்காமல் வாரியத்துக்கு 16 கோடி ரூபாய் தருவதாகச் சொல்லிப் புனேயை எடுத்தது. இன்டெக்ஸ் 10 கோடி தந்து ராஜ்கோட்டை எடுத்தது. சிறிய விலை, தெளிவான ஆயுள். இரண்டு அணிகளும் சத்தமில்லாமல் வந்து கணக்கு முடித்துப் போயின. புனே 2017 இறுதியாட்டத்தில் ஒரே ஒரு ரன்னில் கோப்பையைத் தவறவிட்டது.

2021 அக்டோபரில் மீண்டும் பத்து அணிகள். லக்னோ 7,090 கோடி ரூபாய்க்கு, அகமதாபாத் 5,625 கோடிக்கு. அட்டவணை 2011இன் அதே 74 ஆட்டங்கள், அதே சிக்கலான முறை. விலை மட்டும் ரூபாயில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இது ஏன் உடையவில்லை? 74 ஆட்டம் என்பது இம்முறை முன்பே தெரிந்தது. அகமதாபாத்திலும் லக்னோவிலும் அரங்குகள் கட்டி முடிக்கப்பட்டிருந்தன. வாங்கியவர்கள் நிதி வலுவுள்ள தனித்தனி நிறுவனங்கள். அடுத்த ஜூனில் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அப்போதும்கூட லக்னோவின் ஆண்டுத் தவணையான 709 கோடியை மத்திய வருவாய்ப் பங்கு முழுதாக ஈடுகட்டாது. ஒளிபரப்புச் சந்தை தொடர்ந்து ஏறும் என்ற நம்பிக்கையே மீதியைத் தாங்குகிறது. 2010இலும் அதே நம்பிக்கை இருந்தது. பெரிய முதலாளிகள் நட்டத்தைப் பொறுப்பார்கள் என்பது ஒரு பாதுகாப்புதான். அதை நல்ல திட்டமிடல் என்று கொண்டாடுவது அவசரம்.

அடுத்த விரிவாக்கத்தைப் பற்றி வாரியம் யோசிக்கும் நாளில் செய்ய வேண்டியவை எளியவை. எத்தனை ஆட்டம், எந்த அரங்கம், மத்திய வருவாயில் எவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு விலை கேட்கட்டும். எழுதியது மாறினால் விலையும் மாறும் என்ற ஒரு வரியைச் சேர்க்கட்டும். தகராறைத் தீர்ப்பவர் எந்த அணியிலும் பங்கு இல்லாதவராக இருக்கட்டும். இந்த மூன்றும் 2010இல் இருந்திருந்தால் கொச்சியின் வழக்கே பிறந்திருக்காது.

வழக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. கொச்சியை நீக்கியது தவறு என்று 2015இல் நடுவர் தீர்ப்பாயம் சொன்னது. அணியை நடத்திய கொச்சி கிரிக்கெட் நிறுவனத்துக்கு 384 கோடி ரூபாய்க்கு மேலும், ரெண்டெவூவுக்கு 153 கோடி ரூபாய்க்கு மேலும் தர வேண்டும் என்பது தீர்ப்பு. வாரியம் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. 2025 ஜூனில் அந்த நீதிமன்றம், ஒப்பந்தத்தை வாரியம் முறையற்று முறித்தது என்ற முடிவில் தலையிட மறுத்து, 538 கோடி ரூபாய்த் தீர்ப்பை உறுதி செய்தது. அந்த அணி ஆடியது மொத்தம் 14 ஆட்டங்கள்.